மேற்கே நகர்ந்த வயல்

சாலைக்குக் கிழக்கே இருந்த வயல் மேற்கே நகர்ந்துவிட்ட விஷயம் சைக்கிள் கடைக்காரருக்கு ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தெரியவந்தது. நில விடுவிப்பு அலுவலகத்தின் லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆட்கள், வயலோரமாக நட்டிருந்த மண்டையோட்டுப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி லாரியில் போட்டார்கள். போர் முடிந்து முகாமிலிருந்து வீடு திரும்பிய நாள் முதல் அந்தப் பலகைகளில்தான் அவர் தினமும் கண் விழித்துக்கொண்டிருந்தார். ஒரு வழியாகக் கண்ணிவெடிகளை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து மனைவியைக் கூப்பிட்டார். அவள் வெளியே வருவதற்குள் லாரி சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. அதே பலகைகளை அவர்களுடைய வீட்டைச் சுற்றி நட ஆரம்பித்தார்கள்.

வாயில் நுரையோடு போய் என்னவென்று கேட்டார்.

“வயல்ல வெடி கிடையாதாம். இங்கதான் இருக்காம்,” என்றார் பலகை நட்டுக்கொண்டிருந்தவர்.

“யாரு சொன்னது?”

“வரைபடம்.”

சொன்ன பிறகுதான் தான் எங்கே நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அந்த ஆளுக்கு உறைத்தது. காலடியைப் பார்த்தார். மெல்லப் பின்வாங்கிச் சாலைக்குப் போய், மிச்சப் பலகைகளை அங்கிருந்தே வீசி, சைக்கிள்காரரையே நட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். சைக்கிள்காரர் மறுத்துவிட்டார். அதனால் வீட்டின் பின்பக்கம் பலகை இல்லாமலே அபாயப் பகுதியாயிற்று.

போர் நடந்த காலத்தில் அந்த வீடு ராணுவத்தின் சமையற்கூடமாக இருந்தது. சமையற்கூடத்தைக் காப்பதற்காக எதிர்ப்புற மக்காச்சோள வயலில் வெடிகளைப் புதைத்தார்கள். வீட்டை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு சிப்பாய், சாலைக்கு அந்தப் பக்கம் மட்டும் காலை வைத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் பேச்சை நம்பாதவர்கள் யாராவது இருந்திருந்தால், பால்காரரின் மாடு வயலுக்குள் புகுந்து வெடித்த அன்று நம்பியிருப்பார்கள். எடுக்கத் துணிந்தவர் இல்லாததால் அதன் எலும்புகள் அங்கேயே வெளுத்துக் கிடந்தன. மற்றபடி வீட்டில் எந்தக் குறையும் இல்லை. சைக்கிள்காரர் முன்னறையில் பஞ்சர் ஒட்டினார். மனைவி பக்கத்து அறையில் தையல் மிஷின் மிதித்தாள். பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் முற்றத்தைக் கால் படாத இடம் இல்லாமல் ஓடித் தேய்த்தாள்.

மறுநாள் கள அதிகாரி ஒரு கையடக்கக் கருவியோடு வந்தார். மரியாதையான மனிதர். சாலையை விட்டு இறங்காமலே கருவியை உயர்த்திப் பிடித்தார். அதில் வந்த எண்களை வரைபடத்தோடு ஒப்பிட்டார். வீடு அபாய எல்லைக்குள் சரியாக நடுவில் இருக்கிறது என்பதை, பரீட்சையில் தேறிய பிள்ளையிடம் சொல்வதைப் போலச் சொன்னார். சைக்கிள்காரர் மாட்டின் எலும்பைக் காட்டினார். அதிகாரி கருவியில் தேடிப் பார்த்தார்.

“மாடு பதிவாயிருக்கு. ராணுவமே இடம் குறிச்சுக் குடுத்திருக்கு,” என்றார். “அது உங்க சமையலறையில செத்திருக்கு.”

“சார், எலும்பு அங்க கிடக்குது.”

“எலும்பை நாய் இழுத்துக்கிட்டுப் போகும். பதிவை இழுத்துக்கிட்டுப் போக முடியுமா?”

அன்றே குடும்பத்தை வெளியேற்றினார்கள். சாலையோரத்தில் ஒரு தார்ப்பாய்க் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். தையல் மிஷினையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று மனைவி கேட்டாள். அபாய எல்லைக்குள் இருக்கும் எதையும் அசைக்கக் கூடாது என்று விதி இருந்தது. எல்லையைக் காக்க ஒரு காவலாளி வந்தார். சில நாள் வெயிலில் நின்று பார்த்தார், பிறகு வீட்டுக்குள்ளேயே கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டார். உங்களுக்கு ஆபத்து இல்லையா என்று சைக்கிள்காரர் விசாரித்தார். பலகையில் ‘பொதுமக்கள் நுழையக் கூடாது’ என்றுதான் எழுதியிருக்கிறது, நான் அரசு ஊழியன் என்று காவலாளி விளக்கினார். கிணறும் அபாய எல்லைக்குள் போய்விட்டிருந்தது. காவலாளி தினமும் அதில் இறைத்துத் தாராளமாகக் குளித்தார்.

சைக்கிள்காரர் நகரத்துக்குப் பஸ் ஏறினார். நில விடுவிப்பு அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையிலும், இது இந்த மேசையின் வேலை இல்லை என்பதை மிகுந்த அக்கறையோடு எடுத்துச் சொன்னார்கள். மாலைக்குள் அவர் கணினி அறைக்கு வந்து சேர்ந்தார். அங்கே தூக்கம் கெட்ட கண்களோடு ஓர் இளம் பொறியாளர் இருந்தார். அந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவர்தான் உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும், வரைபடத்தைத் திரையில் கொண்டுவந்து, அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது டேட்டம் பிரச்சினைண்ணே,” என்றார். “பூமி சரியான உருண்டை கிடையாது. அதுக்கு நடுப்புள்ளி எது, எங்கிருந்து அளக்கணும்னு பழைய ஆளுங்க ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. செயற்கைக்கோள் வந்ததுக்கப்புறம் வேற கணக்கு. அதுக்குத்தான் டேட்டம்னு பேரு. ராணுவம் குடுத்தது பழைய கணக்கு. நாங்க வச்சிருக்கறது புதுசு. ஒரு மென்பொருள்லருந்து இன்னொண்ணுக்கு வரைபடம் போறப்ப, இது எந்தக் கணக்குன்னு ஒரு வரி கூடவே போகணும்.”

“போகலையா?”

“ஒரு மாதிரி எழுதினா போகும். இன்னொரு மாதிரி எழுதினா அந்த வரி மட்டும் விழுந்துடும். விழுந்துட்டா, வாங்கிக்கிற பக்கம், ஒண்ணும் சொல்லலையே, அப்ப புதுக் கணக்குதான்னு எடுத்துக்கும்.”

“விழுந்துருச்சுன்னு யாருக்கும் சொல்லாதா?”

“சொல்லாது. எண்ணெல்லாம் அப்படியே சரியா இருக்குமே. இடம்தான் மாறிப் போகும்.”

“அப்ப தப்புன்னு உங்களுக்குத் தெரியுது.”

“தப்புன்னு சொல்ல முடியலண்ணே. அனுப்பின மென்பொருள் அதோட விதிப்படி சரி. வாங்கின மென்பொருள் அதோட விதிப்படி சரி. நடுவுலதான்…” பொறியாளர் கையை விரித்தார்.

“நடுவுலதான் என் வீடு இருக்குது தம்பி.”

தான் ஏற்கெனவே மேலே எழுதிப் போட்டதாகப் பொறியாளர் சொன்னார். மேலிடம் ராணுவம் கொடுத்த கோப்பையும் அலுவலகக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிட்டுப் பார்த்ததாம். ஒரு வித்தியாசமும் இல்லை என்று பதில் வந்ததாம். வேண்டுமானால் இயக்குநரையே பாருங்கள் என்று மாடிப்படியைக் காட்டினார்.

இயக்குநர் சைக்கிள்காரர் சொன்னதை நடுவில் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டார். கேட்கத் தெரிந்தவர் என்று அவருக்கு நாடு முழுக்கப் பெயர் இருந்தது.

“சரி, நீங்க சொல்றதுதான் உண்மைன்னு வச்சுக்குவோம்,” என்றார். “அப்ப உங்க ஊர் வயல் மட்டுமா தப்பு? இதே முறையிலதான் நாடு பூரா நிலத்தை விடுவிச்சிருக்கோம். ஜனங்க குடியேறிட்டாங்க. உழுதுகிட்டிருக்காங்க. பிள்ளைங்க விளையாடுது. உங்க ஒரு வீட்டுக்காக அத்தனை பேரையும் கலவரப்படுத்தச் சொல்றீங்களா? எனக்குன்னு ஒரு மனசாட்சி இருக்கில்ல?”

சைக்கிள்காரர் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாக உழுத நிலங்களையும் பந்து விளையாடும் பிள்ளைகளையும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பார்க்க முடியாமல் ஜன்னலை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரமே வயலை முறையாக விடுவிக்கும் விழா நடந்தது. சாமியானாவைத் தார்ச்சாலையின் மேல் போட்டிருந்தார்கள். இயக்குநர் பேசினார். ஒரு காலத்தில் ஒரு வயலைச் சுத்தம் செய்ய வருஷக்கணக்கில் மண்ணில் முழங்காலிட வேண்டியிருந்தது என்றார். எத்தனை தொழிலாளர்கள் கை கால் இழந்தார்கள் என்று வருத்தப்பட்டார். இந்த வயலையோ ஒரு குழிகூடத் தோண்டாமல், ஒரு பணியாளருக்குச் சிராய்ப்புகூட ஏற்படாமல், அறைக்குள் உட்கார்ந்தே விடுவித்திருக்கிறோம் என்றபோது அலுவலகத்தார் கை தட்டினார்கள். கூட்டத்தில் இருந்த பால்காரர், அப்படியானால் ஐயாவே முதல் அடியை எடுத்து வைக்கலாமே என்று பணிவாகக் கேட்டார்.

இயக்குநர் சிரித்தார். “நிலம் மக்களோடது. அதிகாரி முதல்ல காலை வச்சா அது அதிகாரத் துஷ்பிரயோகம்.”

கொட்டகைக்குத் தண்ணீர் இல்லை என்று சைக்கிள்காரர் மனுக் கொடுத்திருந்ததும் அன்றே தீர்ந்தது. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டுவந்தார்கள். சாலையோரம் வேறு துறைக்குச் சொந்தம் என்பதால், விடுவித்த நிலத்தில்தான் வைக்க முடியும் என்றார்கள். லாரி பின்புறமாக வயலுக்குள் போய், தொட்டியை இறக்கிவிட்டு, முழுசாகத் திரும்பி வந்தது. ஓட்டுநருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கள அதிகாரி லாரியைப் படம் எடுத்து, வயலின் பாதுகாப்புக்கு ஆதாரமாக இணைத்துக்கொண்டார்.

ஈர மண்ணில் இரண்டு சக்கரத் தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. சைக்கிள்காரர் மனைவியையும் மகளையும் கூட்டிப் போய்க் காட்டினார். தடத்தை விட்டு ஒரு விரல்கடை விலகக் கூடாது என்றார். அதன்பின் அவர்கள் ஒரு சக்கரத் தடத்தில் குடத்தோடு போய், அதே தடத்தில் திரும்பி வந்தார்கள். முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு பேசிக்கொண்டே போனார்கள். மகள் ஒரு தடவை பாடிக்கொண்டே போனதைக் கேட்டு அவர் அதட்டினார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பெய்த வரைக்கும் தார்ப்பாயில் வழிந்த தண்ணீர் போதுமானதாக இருந்தது. மழை விட்டு, பிடித்து வைத்த தண்ணீரும் தீர்ந்த பிறகு வயலைப் பார்த்தால், தடங்கள் இல்லை. மண் கரைந்து சமமாகி, அதன் மேல் புல் கிளம்பியிருந்தது. மனைவி தனக்கு வழி நினைவிருக்கிறது என்றாள். தினமும் நடந்த வழிதானே என்றாள். சைக்கிள்காரர் அப்போது இரவல் வாங்கிய சாமான்களை வைத்து ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். இதை முடித்துவிட்டு நானே போகிறேன் என்று சொன்னதாகத்தான் அவருக்கு ஞாபகம். சொன்னாரா, சொல்ல நினைத்தாரா என்பதில் பிற்பாடு அவருக்கே சந்தேகம் வந்தது.

சத்தம் அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஒரு லாரி டயர் வெடித்த மாதிரி.

ஓடிப் போய் வயலோரம் நின்றார். மனைவி விழுந்து கிடந்தாள். அவளுக்குச் சற்றுப் பின்னால் மகள், இடுப்பில் குடத்தோடு, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக அப்படியே நின்றிருந்தாள். முகத்தில் மண் அப்பியிருந்தது. அழவில்லை.

“அசையாத,” என்றார். “அப்பா வர்றேன். கண்ணை மூடிக்க.”

அவர்கள் போன காலடிச் சுவடுகளில் தன் காலை வைத்து வைத்துப் போனார். மகளின் சுவடுகள் சின்னதாக இருந்ததால் நுனிக்காலில் நடந்தார். முதலில் மகளைத் தூக்கிவந்து சாலையில் விட்டார். பிறகு திரும்பிப் போய் மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். காவலாளி வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அந்தப் பக்கம் அவருடைய பணி எல்லையில் இல்லை.

மருத்துவமனையில் அவளுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பட்டறையில் அளவெடுக்க வேண்டுமானால், அபாயப் பகுதியில் கண்ணிவெடியால் ஏற்பட்ட காயம் என்று நில விடுவிப்பு அலுவலகம் உறுதி செய்து தர வேண்டும். கள அதிகாரி பழங்களோடு மருத்துவமனைக்கு வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு சிக்கலைச் சொன்னார். விடுவித்த நிலத்தில் கண்ணிவெடி இருக்க முடியாது. ஆகவே அங்கே வெடித்தது கண்ணிவெடியாக இருக்க முடியாது. வேறு ஏதோ வெடிப்பு என்று எழுதலாம், ஆனால் வேறு வெடிப்புக்குக் கால் கிடையாது.

“ஒரு வழி இருக்கு,” என்றார் தயங்கித் தயங்கி. “சம்பவம் உங்க வீட்டு முற்றத்துல நடந்ததுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, அது அபாயப் பகுதி. கால் வந்துடும். அனுமதியில்லாம உள்ள போனதுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் வரும். அதை நான் பாத்துக்கறேன்.”

சைக்கிள்காரர் எழுந்து நின்றுவிட்டார். பொய்யெழுத மாட்டேன் என்றார். அந்த வயலில்தான் என் பெண்டாட்டியின் கால் கிடக்கிறது, அதை அங்கே இல்லை என்று என் கையால் எப்படி எழுதுவேன் என்று கேட்டார். அதிகாரி தலை குனிந்துகொண்டார். மனைவிதான் பேசினாள்.

“எங்க போச்சுன்னு எழுதினாலும் அது திரும்ப வரப்போறதில்லைங்க. எனக்கு எந்திரிச்சு நிக்கணும். போட்டுக் குடுங்க.”

சைக்கிள்காரர் கையெழுத்துப் போட்டார்.

கால் வந்தது. பிளாஸ்டிக் பாதத்தோடு, தோல் வாரோடு, அரசு முத்திரையோடு நல்ல காலாகவே வந்தது. அவள் கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள். அவள் சாலை வரை போய்த் திரும்பப் பழகிய சமயத்தில் இயந்திரமும் வந்து சேர்ந்தது. வீட்டு முற்றத்தில் ஒரு விபத்து உறுதியாகிவிட்டதால், அந்த இடத்தை அவசரமாகச் சுத்தம் செய்ய ஆணை பிறந்திருந்தது. முன்னால் சங்கிலிகள் கோத்த உருளையோடு, டாங்கி மாதிரி இருந்தது அது. உருளை சுழன்றால் சங்கிலிகள் தரையை அடித்துப் புரட்டும். காவலாளி தன் பெட்டியையும் சைக்கிள்காரர் வீட்டுக் கட்டிலையும் முன்கூட்டியே வெளியே எடுத்துவிட்டார்.

இயந்திரம் முற்றத்தை அடித்தது. பிறகு வீட்டுத் தரையின் அடியிலும் வெடி இருக்கலாம் என்பதால் வீட்டை அடித்தது. முன்னறை போயிற்று. தையல் மிஷின் இருந்த அறை போயிற்று. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலம் இடிபாட்டிலிருந்து எடுத்தவற்றை வரிசையாக வைத்தார்கள். ராணுவத்தின் கரண்டி ஒன்று, நெளிந்த சைக்கிள் ரிம்கள், மிஷினின் இரும்புச் சக்கரம். ஒரு வெடியும் இல்லை. பணி முழு வெற்றி என்று அறிக்கை போயிற்று. இப்போது சாலைக்கு இரண்டு பக்கமும் பாதுகாப்பான நிலம்.

ஒரு விடுமுறை நாளில் கணினிப் பொறியாளர் பஸ் பிடித்துக் கொட்டகைக்கு வந்தார். இனிமேல் அந்த வரி விழாதபடி சரி செய்துவிட்டதாகச் சொன்னார். பல மாதம் போராடித்தான் ஒப்புதல் வாங்கினாராம். சைக்கிள்காரர், அப்படியானால் வயல் திரும்பவும் கிழக்கே போய்விடுமா என்று கேட்டார்.

“இனிமே வர்ற வரைபடம் எல்லாம் சரியா வரும்ண்ணே. பழசைத் தொட முடியாது.” அவர் குரல் இறங்கிவிட்டது. “அதுல இயக்குநர் கையெழுத்து இருக்கு.”

மனைவி அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் நடந்து வந்ததைப் பார்த்த பிறகு அவரால் அதைக் குடிக்க முடியவில்லை. அக்கா, நான் கிளம்பறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சொந்தக்காரர் திரும்பி வராத அந்த வயலை, முகாமில் மிச்சமிருந்த குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிவாகியிருந்தது. ஒரு காலையில் பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பாய், தகரப் பெட்டி, மண்வெட்டி, கைக்குழந்தை. முகாமின் சேற்றிலிருந்து வந்தவர்களுக்குப் புல் படர்ந்த அந்த நிலத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கள அதிகாரி ஒவ்வொருவருக்கும் பட்டா கொடுத்துக்கொண்டிருந்தார்.

சைக்கிள்காரர் ஓடிப் போய், உள்ளே போகாதீர்கள், வெடி இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னார். என் மனைவிக்குக் கால் போனது இங்கேதான் என்றார். ஜனங்கள் அதிகாரியைப் பார்த்தார்கள். அதிகாரி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவரை மட்டம் தட்டும் எண்ணம் அதிகாரிக்கு இல்லை, அமைதியாகத்தான் படித்துக் காட்டினார். விபத்து வீட்டு முற்றத்தில் நடந்தது, கீழே கணவரின் கையெழுத்து.

“இது உங்க கையெழுத்துதானே?”

கூட்டத்தில் யாரோ, நிலத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்றார். மண்வெட்டி வைத்திருந்த ஒருவர் வயலோரம் போய், எங்கிருந்து வெட்டுவது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

சைக்கிள்காரரின் மனைவி கொட்டகையிலிருந்து நடந்து வந்தாள். அவளுடைய நடைக்கு அது கொஞ்சம் தூரம்தான். கூட்டம் வழி விட்டது. வயலின் விளிம்பில் தரையில் உட்கார்ந்து, சேலையை விலக்கி, வாரை அவிழ்த்துக் காலைக் கழற்றினாள். ஒரு பெண் தன் குழந்தையின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சைக்கிள்காரரின் மனைவி காலை இரண்டு கையாலும் தூக்கி, வயலுக்குள் வீசினாள்.

எல்லாரும் குனிந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. கால் புல்லில் விழுந்து ஒரு தடவை உருண்டு நின்றது.

“என் கால் விழுந்துருச்சு சார்,” என்றாள் கள அதிகாரியிடம். “கொஞ்சம் எடுத்துக் குடுங்க.”

“ஏம்மா இப்படிப் பண்றீங்க? அது அரசாங்கச் சொத்து.”

“அதனாலதான் உங்களைக் கேக்கறேன். பத்தடிகூட இல்ல. நல்ல நிலம்தானே.”

கள அதிகாரி வயலைப் பார்த்தார். கையில் இருந்த தாள்களைப் பார்த்தார். ஜனங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிக் காவலாளியைத் தேடினார். காவலாளி பஸ்ஸின் மறுபக்கம் போயிருந்தார். அதிகாரி ஒரு கால் எடுத்து முன்னால் வைப்பதைப் போல வைத்தார். அது தாரின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. அவருக்கு மேலுதடு வியர்த்திருந்தது.

மண்வெட்டிக்காரர் வயலோரத்திலிருந்து, தான் வந்த அடிகளிலேயே பின்னோக்கி நடந்து சாலைக்கு வந்தார். ஒவ்வொருவராகப் பாய்களையும் பெட்டிகளையும் மறுபடி பஸ்ஸில் ஏற்றினார்கள். முகாமுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த ஒரு கிழவர் மட்டும் அந்தப் புல்வெளியை விட்டுக் கண்ணை எடுக்காமலே போனார்.

குடும்பங்கள் நிலத்தை ஏற்க முன்வரவில்லை என்று அன்று அலுவலகத்தில் பதிவாயிற்று. பயனாளி கவனக்குறைவால் செயற்கைக் காலைத் தொலைத்துவிட்டதால், இன்னொன்று வழங்க விதியில் இடமில்லை என்றும் பதிவாயிற்று.

சைக்கிள்காரர் சைக்கிளைக் கொண்டுவந்து மனைவியைப் பின்னால் உட்கார வைத்தார். தள்ளிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். புல்லுக்குள் கால் பாதம் மேலாகக் கிடந்தது. சாலையில் வருகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்தது.